அத்தை வீட்டுச் சாக்கடை

மாமியாரிடம் மருமகன் கேட்கக்கூடாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. வீட்டைக் கேட்டவன் இருக்கிறான், வண்டியைக் கேட்டவன் இருக்கிறான், கோபித்துக்கொண்டு வந்த பெண்டாட்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சியவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால், ‘அத்தை, கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுச் சாக்கடையைக் கழுவாமப் போட்டு வையுங்க’ என்று கேட்கப்போன மருமகன், எனக்குத் தெரிந்து, நம்முடைய சாக்கடையார் ஒருவர்தான்.

சாக்கடையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில், மூன்றாம் மாடிக் கோடியில் இருக்கிற ஆய்வுக்கூடத்துச் சகாக்கள் வைத்த பெயர். ஆறாவது வருஷமாக அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய் என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான். காலை நேரத்து வேலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நீளக் குச்சி ஒன்றின் நுனியில் பாட்டிலைக் கட்டி, ஊரில் உள்ள சாக்கடை ஒவ்வொன்றிலும் முக்கி எடுப்பது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். படித்தவனுக்கு மக்கள் காட்டும் மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் பெரியவருக்காக. பெரியவர் ஒரு பாக்டீரியா. ஏதோ ஒரு மருத்துவமனையில், ஏதோ ஒரு நோயாளியின் ஆறாத புண்ணிலிருந்து எடுத்து அனுப்பப்பட்டவர். எந்த ஆன்டிபயாடிக்கை ஊற்றினாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒன்றிரண்டு மருந்தில் முன்னைவிடச் செழிப்பாகவே வளர்ந்தார். யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டல்லவா, அந்த முறையில்தான் இந்தப் பெயரும் வந்தது.

மருந்துக்கு மசியாத இப்படிப்பட்ட பாக்டீரியாவைத் தின்கிற வைரஸ்கள் இருக்கின்றன. ஃபேஜ் என்பார்கள். மனிதரை ஒன்றும் செய்யாது. தனக்கென்று வாய்த்த பாக்டீரியாவைத் தேடிப் பிடித்து, உள்ளே புகுந்து, வெடிக்கவைத்துவிட்டு வெளியே வரும். எங்கே பாக்டீரியா மண்டிக் கிடக்கிறதோ அங்கேதான் ஃபேஜும் கிடைக்கும். திருடன் நடமாடுகிற சந்தில்தானே போலீஸும் நிற்கும். ஆகவேதான் சாக்கடை. அந்தத் தண்ணீரை வடிகட்டி, பெரியவர் பாலாடையாகப் படர்ந்திருக்கிற தட்டில் ஒரு சொட்டு விட்டு வைக்க வேண்டும். மறுநாள் அந்த இடத்தில் பெரியவர் செத்து, தெளிந்த வட்டம் ஒன்று விழுந்திருந்தால் வெற்றி. சாக்கடையார் தலைகீழாக நின்று பார்த்தும் ஐந்து வருஷமாக வட்டம் விழவில்லை.

விழுந்தது மாமியார் வீட்டுத் தண்ணீரில்.

அத்தை ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ். அவர் வீட்டுத் தரையில் விழுந்த ரொட்டியை எடுத்துச் சாப்பிடலாம். விழவிட்டவரைத்தான் சும்மா விட மாட்டார். தெருச் சுகாதாரக் குழுவுக்கும் அவர்தான் தலைவி. எந்த வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும் முன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் மேடையும், அதிலிருந்து தண்ணீர் ஓடும் சிமெண்ட் வாய்க்காலும், வாய்க்கால் முடிவில் கான்கிரீட் பலகை போட்டு மூடிய ஒரு குழியும் இருந்தன. ஒரு நாள் விருந்துக்குப் போன சாக்கடையார், கை கழுவப் பின்கட்டுக்குப் போனவர், பழக்க தோஷத்தில் பலகையை நகர்த்திப் பார்த்தார். பையில் பாட்டில் இருந்தது. அது எப்போதும் இருக்கும்.

தட்டில் வட்டம் விழுந்ததைப் பார்த்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வாரம் மனைவியின் பிறந்த நாள். மாமியார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாடிவீட்டு அம்மாளும் வந்திருந்தார். சுகாதாரக் குழுவின் தலைவி நாற்காலி மேல் அந்த அம்மாளுக்கு நெடுநாளாக ஒரு கண். சபை நிறைந்திருந்த நேரம் பார்த்து, வாயில் கேக்கோடு, நம்மவர் நற்செய்தியை அறிவித்தார்.

“ஊரெல்லாம் அலைஞ்சேன் அத்தை. கடைசியில உங்க வீட்டுச் சாக்கடையிலதான் கிடைச்சுது. இந்த மாதிரிச் சரக்கு வேற எங்கேயும் கிடையாது.”

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பிழைத்திருப்பார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். மச்சான்காரன் ஒரு பேச்சுக்கு, அதென்ன நம்ம வீட்டில் மட்டும் என்று கேட்டுவைக்க, சாக்கடையார் விஞ்ஞானியாகிவிட்டார். அத்தை முப்பது வருஷமாக வார்டில் உடுத்திய யூனிஃபார்மையெல்லாம் அந்த மேடையில்தானே துவைத்தார், வார்டுக் கிருமியெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி வண்டலாகப் படிந்து, கூடவே அதைத் தின்கிற ஃபேஜும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். மாடிவீட்டு அம்மாள் கேக் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

அன்றோடு அத்தை அவருடன் பேசுவதை நிறுத்தினார். எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், “உன் வீட்டுக்காரருக்கு சூப் போதுமான்னு கேளு” என்று மகளிடம்தான் சொல்வார். மறுநாள் காலையிலிருந்து பின்கட்டுக் குழியில் பிளீச்சிங் பவுடர் விழத் தொடங்கியது. ஒரு நாள் தவறவில்லை.

சாக்கடையார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஃபேஜ் இருந்தது, ஃபேஜ் பெரியவரைத் தின்றது, ஆய்வுக்கூடமே அவரை எழுந்து நின்று பார்த்தது. அந்தச் சந்தோஷம் சில மாதங்கள் நீடித்தது. பிறகு ஒரு நாள் வட்டத்தின் நடுவில் புள்ளி புள்ளியாக ஏதோ முளைத்திருந்தது. உற்றுப் பார்த்தார். பெரியவர்தான். ஃபேஜ் எந்தக் கதவு வழியாக உள்ளே புகுந்ததோ அந்தக் கதவின் பூட்டைப் பெரியவர் மாற்றிக்கொண்டுவிட்டார். அடுத்த வாரம் தட்டில் வட்டமே விழவில்லை. ஃபேஜ் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது, பெரியவர் உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவி ஒரு பேராசிரியை. எல்லோரும் மேடம் என்பார்கள். அதிகம் பேசமாட்டார், பேசினால் சமாதானம் சொல்லமாட்டார்.

“பெரியவர் பூட்டை மாத்தினார்னா, அந்தக் குழியில இருக்கிற ஃபேஜும் இந்நேரம் சாவியை மாத்தியிருக்கும். அங்கே தினமும் சண்டை நடக்குது. நம்மளோடது ஃப்ரிட்ஜுல தூங்குது. அதே சாக்கடைக்குப் போங்க.”

போவதற்கு அவசரமும் இருந்தது. பருவ முடிவில் வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. அவர்கள் முன்னால் வட்டம் விழுந்த தட்டைக் காட்டினால் ஆராய்ச்சி நிலைக்கும், பட்டமும் கிடைக்கும். காட்டாவிட்டால் இந்தத் தலைப்பையே மூடிவிடுவார்கள். சாக்கடையார் ஒரு மாடி கீழே இறங்கி, வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரைகிற காப்ஸ்யூல் செய்யும் கூட்டத்தில் சேர்ந்து, மறுபடி முதல் வருஷத்து மாணவராக வேண்டும். காப்ஸ்யூல்காரர்கள் நல்லவர்கள்தான். அவருக்காக ஒரு மேஜையை இப்போதே துடைத்து வைத்திருந்தார்கள். அந்த மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அழுகை வந்தது.

மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய், கை கழுவுகிற சாக்கில் பலகையை நகர்த்தினார். நீச்சல் குளத்து வாசனை அடித்தது. உள்ளே தண்ணீர் பளிங்காக நின்றது. குனிந்தால் முகம் தெரிந்தது. பாட்டிலில் எடுத்துப் போய், பவுடரின் காரத்தை முறித்துவிட்டு, சொட்டு விட்டுப் பார்த்தார். பெரியவருக்கு அது தீர்த்தம் தெளித்த மாதிரிதான் இருந்தது.

நடந்ததை மனைவியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், எதையும் இரண்டு வரியில் முடிப்பவள்.

“உங்க வாயாலதான் அம்மா பவுடர் கொட்ட ஆரம்பிச்சாங்க. உங்க வாயாலயே நிறுத்துங்க. நான் வரமாட்டேன்.”

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்கடையார் தனியாகக் கிளம்பிப் போனார். காரியம் பெரிதா வீரியம் பெரிதா என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூடத்தில் அத்தை துவைத்த துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார். மாமனார் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எப்போதோ வந்த காய்ச்சலில் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போனவர். அந்த வீட்டில் நிம்மதியாக இருந்த ஒரே ஆள்.

சாக்கடையார் முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஆறு வருஷத்தைச் சொன்னார், மதிப்பீட்டுக் குழுவைச் சொன்னார், காப்ஸ்யூல் மேஜையைச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, குழியைக் கொஞ்ச நாள் கழுவாமல் விட வேண்டும் என்றார். மகள் இல்லாததால் அவர் புருஷனைப் பார்த்துப் பேசினார்.

“ஏங்க, நாறணும்னா அவங்கம்மா வீட்டுல இல்லாத சாக்கடையான்னு கேளுங்க.”

மாமனார் கேட்கவில்லை. தாளைத் திருப்பினார். சாக்கடையாரே பதில் சொன்னார்.

“அங்கேதான் அத்தை முதல்ல பார்த்தேன். எங்கம்மா வீட்டுது ஒண்ணுக்கும் உதவலை. வெறும் தண்ணி.”

அத்தை துண்டைக் கீழே வைத்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அத்தைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் சண்டை எதுவும் இல்லை. ஆனால் சம்பந்தியம்மாள் வாங்கின திரைச்சீலை இந்த வீட்டுத் திரைச்சீலையைவிட ஒரு முழம் நீளமாக இருந்தது. பேச்சுவாக்கில் அதை அந்த அம்மாள் மூன்று தடவை சொல்லியும் இருந்தார். அதிலிருந்து அத்தைக்கு எதிலாவது ஒன்றில் முந்தியாக வேண்டியிருந்தது.

“உங்கம்மா வீட்டுல ஒண்ணுமே இல்லையா?” என்று அத்தை நேராக மருமகனையே கேட்டார். பிறந்த நாளுக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“ஒரு வட்டம்கூட விழலை அத்தை.”

“மாடிவீட்டுல?”

“அங்கேயும் எடுத்துப் பார்த்தேன். பிரயோஜனம் இல்லை.”

அத்தை கீழே வைத்த துண்டை எடுத்து மறுபடி மடித்தார். பிறகு, கழுவாமல் விடுவதென்றால் முறைப்படி எப்படி விட வேண்டும் என்று கேட்டார்.

முறை என்று ஒன்று இருப்பதாகச் சாக்கடையாருக்கே தெரியாது. சும்மா விட்டால் தானாக அழுகும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அத்தை எதையும் சும்மா விட்டவர் இல்லை. கழுவுவதை நிறுத்திய அன்றே குழியை வார்டில் சேர்ந்த நோயாளியாக வரித்துக்கொண்டார். காலையும் மாலையும் பலகையை நகர்த்தி, தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் வேளைக்கு ஒரு வாளி. சோப்பு அதற்கு ஆகாது என்று சாக்கடையார் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்ததால், மாமனாருக்குச் சோப்பு நிறுத்தப்பட்டது. அவர் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு, தனக்குத்தான் வாசனை தெரியாதே என்று தாளைப் பிரித்துக்கொண்டார்.

ஆய்வுக்கூடத்துக்கு தினமும் காலையில் போன் வந்தது. வார்டில் ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கிற குரலில் அத்தை பேசுவார். நேற்றைக்கு இன்று நிறம் கறுத்திருக்கிறது, மேலே மெல்லிய படலம் கட்டியிருக்கிறது, ராத்திரி இரண்டு தடவை குமிழி விட்டது, பயப்பட ஒன்றும் இல்லை. சாக்கடையார் எழுந்து நின்றுதான் கேட்டுக்கொள்வார். உட்கார்ந்து கேட்டால் அத்தைக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

முதலில் எடுத்த தண்ணீரில் ஒன்றும் விழவில்லை. அடுத்து எடுத்ததிலும் இல்லை. மேலே இருந்தது பவுடரில் செத்தாலும், அடி வண்டலில் இருப்பது மெதுவாகத்தான் மேலே வரும் என்றார் மேடம். வண்டல் வந்ததோ இல்லையோ, நாற்றம் வந்துவிட்டது. முதலில் பின்கட்டைத் தாண்டியது, பிறகு மதிலைத் தாண்டியது, அப்புறம் தெருவுக்கே வந்து நின்றது. காயப்போட்ட துணியை மாடிவீட்டு அம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். அதை அத்தை பார்க்கும்படியாகத்தான் எடுத்தார்.

சுகாதாரக் குழு கூடியது. தலைவி வீட்டுச் சாக்கடையைப் பற்றித் தலைவி முன்னாலேயே பேசினார்கள். மாடிவீட்டு அம்மாள் பிறந்த நாளன்று கேட்டதையெல்லாம், யூனிஃபார்ம் உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார். வாயாடுவதில் அத்தையை ஜெயித்தவர் அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் அன்றைக்கு அவர் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். பொறுக்க முடியாது என்றார்கள். அவர்களாகப் பதவியிலிருந்து இறக்கும் முன் அத்தையே எழுந்து, தலைவி பதவி வேண்டாமென்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிவீட்டு அம்மாள் புதுத் தலைவி ஆனார்.

மனைவி சொல்லித்தான் சாக்கடையாருக்கு இது தெரியவந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தன் பட்டத்துக்காக ஒரு மனுஷி தெருவில் தலைகுனிந்து நிற்கிறாள் என்று நினைத்ததும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். நேரே மாமியார் வீட்டுக்குப் போனார். போதும் அத்தை, கழுவிவிடுங்கள், நான் காப்ஸ்யூலுக்குப் போய்க்கொள்கிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். அத்தை தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே சொன்னார்.

“ஆரம்பிச்ச கேஸைப் பாதியில விட்டு எனக்குப் பழக்கம் இல்லை மாப்பிள்ளை. போய் வேலையைப் பாருங்க.”

மதிப்பீட்டுக் குழு வருவதற்குச் சில நாள் இருக்கும்போது, மாமனாரிடமிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரு போன் வந்தது. அவர் போன் செய்கிறவரே இல்லை.

“வண்டி வந்திருச்சு” என்றார். வைத்துவிட்டார்.

புதுத் தலைவி பதவிக்கு வந்து செய்த முதல் காரியம், நகராட்சியின் சாக்கடை உறிஞ்சும் வண்டியை வரவழைத்ததுதான். சாக்கடையார் பூட்ஸோடு பஸ் ஏறி, பூட்ஸோடு இறங்கி, தெருக்கோடியிலிருந்து ஓடினார். பெரிய டேங்க் வண்டி அத்தை வீட்டுப் பக்கச் சந்தில் உறுமிக்கொண்டு நின்றது. யானைத் தும்பிக்கை பருமனில் ஒரு ரப்பர் குழாயைத் தோளில் சுமந்துகொண்டு வண்டிக்காரர் பின்கட்டில் திகைத்து நின்றார். அவருக்குப் பின்னால் புதுத் தலைவி. தெருவே மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தது.

குழியின் பலகை மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலி மேல் அத்தை. தலைமை நர்ஸின் வெள்ளை யூனிஃபார்மை உடுத்தி, தொப்பியைக் கிளிப் போட்டுக் குத்தி, காலில் வெள்ளை ஷூவோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வுக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் போட்டிருந்ததால் இரண்டு பொத்தான் பூட்ட முடியாமல் பின் குத்தியிருந்தார். அதனால் அதிகாரம் ஒன்றும் குறையவில்லை.

“உள்ளே ஒருத்தர் சிகிச்சையில இருக்காரு” என்று வண்டிக்காரரிடம் சொன்னார். “பார்வையாளர் நேரம் முடிஞ்சு போச்சு. சத்தம் போடாமப் போங்க.”

வண்டிக்காரர் மாடிவீட்டு அம்மாளைத் திரும்பிப் பார்த்தார், யூனிஃபார்மைப் பார்த்தார், எதற்கு வம்பு என்று போய் மோட்டாரை நிறுத்தினார். சிகிச்சையா, சாக்கடைக்கா என்று புதுத் தலைவி கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. மாமனார்தான் தாளை மடித்து வைத்துவிட்டு, எனக்கொண்ணும் நாறலையே என்று பொதுவாகச் சொன்னார். மதிலுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தெருவெல்லாம் பரவி, மாடிவீட்டு அம்மாளைத் தவிர எல்லோரும் சிரித்து முடித்தபோது வண்டி கிளம்பிப் போய்விட்டது.

சாக்கடையார் பாட்டிலும் குச்சியுமாக வந்து நின்றார். அத்தை நாற்காலியை விட்டு இறங்கவில்லை. எங்கே வண்டி திரும்பி வந்துவிடுமோ என்று சந்தேகம். காலை மட்டும் தூக்கிக்கொண்டார். சாக்கடையார் பலகைக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகக் குச்சியை அடி வண்டல் வரை இறக்கி, கறுப்பாக ஒரு பாட்டில் நிறைய எடுத்தார். வாழ்நாளில் அவர் முகர்ந்ததிலேயே மோசமானது அதுதான். அவருக்கு அது மிகவும் நம்பிக்கை தந்தது.

மறுநாள் காலை தட்டைத் திறந்தபோது வட்டம் விழுந்திருந்தது. ஒன்றல்ல, சொட்டு விட்ட இடமெல்லாம் சல்லடையாகத் துளைத்து, பெரியவர் இருந்த சுவடே தெரியவில்லை. குழியில் இருந்த ஃபேஜ் சாவியை மாற்றித்தான் வைத்திருந்தது. மேடம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததாக மூன்றாம் மாடியில் யாருக்கும் நினைவில்லை.

மதிப்பீட்டுக் குழு வந்தது. தட்டைக் கையில் வாங்கி, ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார்கள். இந்த ஃபேஜ் எங்கே கிடைத்தது என்று குழுத் தலைவர் கேட்டார்.

“அத்தை வீட்டுச் சாக்கடையில, சார்.”

குழு சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, ஆராய்ச்சி தொடரலாம், பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. காப்ஸ்யூல்காரர்கள் மேஜையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே சாக்கடையார் மனைவியோடு மாமியார் வீட்டுக்குப் போனார். செய்தி அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பின்கட்டில் அத்தை கையுறை மாட்டி, முகமூடி கட்டி, நீளப் பிரஷ்ஷும் புதிதாகப் பிரித்த பவுடர் டின்னுமாகத் தயாராக நின்றார். பத்து வயது குறைந்தவராகத் தெரிந்தார். மாமனார் பலகையைப் பக்கவாட்டில் தள்ளி வைத்திருந்தார். அவர் தோளில் துண்டும், வெகு நாளைக்குப் பிறகு, கையில் சோப்பும் இருந்தன.

“செத்தானா?” என்றார் அத்தை.

“செத்துட்டார் அத்தை.”

“சரி, தள்ளி நில்லுங்க. மேல தெறிக்கும்.”

சாக்கடையார் தள்ளி நிற்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பட்டம் வந்துவிடும். இந்தக் குழியில் இன்றைக்கு என்ன கொட்டினாலும் அது தடைபடப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் அத்தைக்கு வீடு திரும்பக் கிடைக்கும், தெரு கிடைக்கும், ஒருவேளை பதவிகூடக் கிடைக்கும். வாயால் கெட்டவனுக்கு வாயை மூட இதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் பெரியவரை அவருக்கு ஆறு வருஷப் பழக்கம். இன்று செத்தவர் நாலைந்து மாதத்தில் இந்தச் சாவிக்கும் பூட்டை மாற்றிக்கொண்டு எழுந்து உட்காருவார். அப்போது அடுத்த சாவிக்கு இந்தக் குழியை விட்டால் போக்கிடம் இல்லை.

இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அத்தை டின்னைச் சாய்த்தபடியே அவர் முகத்தைப் பார்த்தார். நோயாளியின் சொந்தக்காரர்கள் முகத்தை முப்பது வருஷம் படித்தவர் அவர். டின் பாதியில் நின்றது.

“திரும்ப எழுந்துப்பானா?”

சாக்கடையார் தலையாட்டினார்.

“எவ்வளவு நாளைக்கு இப்படியே வெச்சிருக்கணும்?”

“தெரியலை அத்தை” என்றார் சாக்கடையார். “நீங்க கழுவிடுங்க. நீங்க பட்டது போதும்.”

மாமனார்தான், தெருவில் என்ன சொல்வார்கள் என்று மெதுவாக ஆரம்பித்தார். அத்தை முகமூடியைக் கீழே இறக்கினார்.

“மருந்து எதுவும் கேக்கலை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்ற வேலையை டாக்டருங்க எப்பவும் என் தலையிலதான் கட்டுவாங்க. தாயைப் பார்த்துச் சொல்லியிருக்கேன், புருஷனைப் பார்த்துச் சொல்லியிருக்கேன். சொல்லிட்டு, அதே யூனிஃபார்மோட வந்து இந்த மேடையில துவைச்சிருக்கேன். அதைவிடவாங்க இது நாறுது?”

அத்தை டின்னை மூடி ஓரமாக வைத்தார். சாக்கடையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார், மாமனாரும் சோப்பைக் கீழே வைத்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகப் பலகையைத் திரும்பக் குழி மேல் இழுத்தார்கள்.

“மெதுவா, மெதுவா” என்றார் அத்தை. “கலங்கிடப்போகுது.”